தேதி கேட்ட தங்கைக்கு, பச்சை வண்டி விஷயமாக

ஹார்பர் மில்ஸ், மிச்சிகன்
செப்டம்பர் 12, சனிக்கிழமை காலை

அன்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத தங்கை லோர்னாவுக்கு (பொறுமை போன மாதத்தோடு தீர்ந்துவிட்டது என்று டோரீன் சொல்கிறாள், நான் நம்பவில்லை),

அண்ணன் வெர்ன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி டோரீனும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும், உன் தக்காளிச் செடிகளும், உன் மாடிவீட்டுக்காரரின் குரைக்கும் நாயும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ படிக்கச் சிரமப்படக் கூடாதே என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன், அதனால் பக்கம் கூடிப்போனால் அது என் வளவளப்பு அல்ல, எழுத்தின் அளவு.

போன வாரம் போனில் நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணே, பேச்சுல நீ என்னை மழுப்பிடுவ. நீதான் எதுக்கெடுத்தாலும் தாள் எங்க, தாள் எங்கன்னு கேக்கற ஆளாச்சே. எனக்கும் தாள்ல வேணும். வண்டி என்னைக்கு வரும்? ஒரு தேதி. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதன்பிறகு நான் ஏழு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கண் டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை, லோர்னா. செப்டம்பர் முப்பது உன் பிறந்தநாள், அன்றோடு உன் ஓட்டுநர் உரிமம் முடிகிறது, அடுத்த கண் பரிசோதனையில் நீ தேறமாட்டாய், அதுவரை பகலில் மட்டும், தெரிந்த சாலையில் மட்டும் ஓட்டலாம் என்றார். உன் இருபத்தோராம் வயதில், ஹோட்டலில் மூன்று வருடம் தட்டு தூக்கி நீயே வாங்கிய வண்டி அது. அதை இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்று நீ கேட்கிறாய். கேட்டதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் எங்கள் பக்கம்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த வண்டியை நீ என் கராஜில் விட்டபோது, "ஓடற மாதிரி பண்ணிக் குடு, போதும்" என்றாய். ஓடுகிற மாதிரி பண்ணுவது பெரிய வேலை இல்லை, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அது இழுக்கு. எங்களை உனக்குத் தெரியும். மெர்ல் நாற்பது வருடம் பள்ளிக்கூட பஸ்களுக்கு பிரேக் பார்த்தவன். ஹாலிஸ் கார் தொழிற்சாலையில் முதலில் சீட்டுப் பிரிவிலும் பிறகு முப்பது வருடம் பெயிண்டுப் பிரிவிலும் இருந்தவன். க்ளைட் பல் டாக்டர், ஓய்வு பெற்றபின் தன் கொக்கிகளையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்து கார்புரேட்டர் துளைகளைக் குடைகிறவன். நான் கராஜ் கொடுத்தவன். நாங்கள் நாலு பேரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மடக்கு நாற்காலி போட்டு, காபியும் டோனட்டுமாக உட்கார்ந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டோரீன் அதைப் பேச்சு என்பாள். ஒரு பழைய வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்தது போலவே திரும்பக் கொண்டுவருவது என்றால், கையை விட வாய்க்குத்தான் வேலை அதிகம் என்பது வெளியாட்களுக்குப் புரியாது.

முதல் நாலு வருடம் தரைத்தகட்டுக்கே போய்விட்டது. பனி உருக நம் ஊர் ரோட்டில் கொட்டுகிற உப்பு தின்ற தகடு, காலை வைத்தால் ரோட்டில் நடக்கலாம். அதை முடித்தபின் எஞ்சின். எஞ்சின் முடிந்து, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை மாட்டப் போகிற நேரத்தில் க்ளைட் தன் பல் கண்ணாடியை வைத்து அதன் அடியில் எட்டிப் பார்த்தான், பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அதில் பொறித்திருந்த தேதி, உன் வண்டி செய்யப்பட்ட தேதிக்கு இரண்டு வாரம் பிந்தியது. "யோவ், வண்டி பொறந்தது மார்ச்சுல, இது பொறந்தது ஏப்ரல்ல. அப்பன் கல்யாணத்துல புள்ள பந்தி பரிமாறின கதையா இருக்கு" என்றான் மெர்ல். நல்லா இருந்த ஆல்டர்னேட்டர்தான், ஓடும்தான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மார்ச்சுக்கு முன்னால் பிறந்த ஆல்டர்னேட்டரைத் தேடி ஒஹாயோ வரைக்கும் போனோம். கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அது ஓடாது, ஆனால் தேதி சரி. அதற்குள்ளே இதன் குடலை எடுத்து வைத்து மாட்டினோம். இப்போது வெளியே பிப்ரவரி, உள்ளே ஏப்ரல், எல்லாருக்கும் நிம்மதி.

இனிமேல்தான் நீ கோபப்படப் போகிற இடம் வருகிறது. ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி.

ஆறு வருடத்துக்கு முன்னால் பின்சீட்டைப் பிரித்தபோது ஸ்பிரிங்குகளுக்குள் மடித்துத் திணித்த ஒரு தாள் கிடைத்தது. தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டிக்கும் என்ன எஞ்சின், என்ன சீட்டு, என்ன நிறம் என்று அச்சடித்து வேலையாட்களுக்குக் கொடுக்கும் தாள் அது. அது கிடைத்தால் எங்களுக்கு வேதம் கிடைத்த மாதிரி. ஹாலிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஒரு மூலையை மட்டும் எலி தின்றிருந்தது, மற்றதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நிறம் என்ற இடத்தில் பச்சை என்று இருந்தது. நான் உடனே உனக்கு போன் பண்ணினேன், நீ சிரித்தாய். "அண்ணே, அது மஞ்சள். நான் வாங்கினப்ப மஞ்சள். எட்டு வருஷம் கழிச்சு என் வீட்டுக்காரர் வால்ட்டர்தான் அதைத் தகடு வரைக்கும் சுரண்டி நீலமாக்கினார். வெண்ணெய் மாதிரி மஞ்சள்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் நினைவிருக்கும், எனக்கும் நினைவிருக்கிறது, இப்போது எழுதவே கை கூசுகிறது. "ஞாபகம் வேற, ஆவணம் வேற, லோர்னா" என்றேன். வண்டியை வாங்கியவள் நீ, எட்டு வருடம் துடைத்தவள் நீ, உன்னிடமே சொன்னேன்.

நீ அதற்கப்புறம் போட்டோ கொண்டுவந்தாய், நினைவிருக்கிறதா, வண்டியின் பானட்டில் நீ சாய்ந்து நிற்கிற படம். கறுப்பு வெள்ளை. க்ளைட் அதை லென்ஸ் வைத்துப் பத்து நிமிடம் பார்த்து, "சாம்பல் நிறம்னு சொல்லலாம்" என்றான். நீ அவனைப் பார்த்த பார்வையில் அவன் டோனட்டைக் கீழே வைத்துவிட்டான். டாஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்னால் ஒரு ஓரத்தில் நகத்தளவு மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இது மஞ்சளாச்சே" என்று நான் சொன்னேன். "அது என் ஹாட் டாக்ல இருந்த கடுகு விழுதுய்யா, போன வாரம் இங்கதான் சாப்பிட்டேன்" என்றான் மெர்ல். கடுகு விழுது டாஷ்போர்டின் பின்பக்கம் எப்படிப் போகும் என்று நாலு பேரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தாள் பச்சை என்கிறது, அப்புறம் என்ன?

பச்சை அடித்தோம். ஹாலிஸ் அடித்ததைப் பார்த்திருந்தால் நீயே மயங்கியிருப்பாய், குளத்துத் தண்ணீர் மாதிரி முகம் பார்க்கலாம். அதுதான் கெட்டது. பழைய வண்டிக் கண்காட்சியில் நடுவர்கள் தொழிற்சாலையில் இருந்ததைவிட நன்றாக இருந்தால் மதிப்பெண் குறைப்பார்கள், அந்தக் காலத்தில் கதவுக்குக் கீழே பெயிண்டு கொஞ்சம் வழிந்திருக்கும், அந்த வழிசலும் வேண்டும். "கொஞ்சம் மோசமா அடிப்பா" என்றேன். "முப்பது வருஷம் வழியாம அடிச்ச கைய்யா இது. வழிய விடுன்னா எப்படி வழியும்?" என்று கண்கலங்கினான். சுரண்டி மறுபடி அடித்தான், மறுபடி அழகாக வந்துவிட்டது. மூன்றாவது தடவை க்ளைட் பின்னால் நின்று அவன் முழங்கையைத் தட்டிவிட்டான். இரண்டு கதவிலும் ஒரு விரல் நீளத்துக்கு அருமையாக வழிந்திருக்கிறது. இப்படியாகப் போன வருடம் முடிந்தது.

போன சனிக்கிழமை க்ளைட் முன்சீட்டுப் பஞ்சைத் தன் கொக்கியால் நீவிக்கொண்டிருந்தான். அதற்குள்ளே பழைய எலிக்கூடு. கூட்டுக்குள்ளே காகிதத் துண்டு. அந்தத் தாளின் தின்றுபோன மூலை, லோர்னா, எலி அதைத் தின்னவே இல்லை, மெத்தைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதில்தான் வண்டியின் சேஸிஸ் நம்பர் அச்சாகியிருந்தது. உன் வண்டி நம்பர் மூன்றில் முடியும். அந்தத் தாள் ஆறில் முடிந்தது. க்ளைட் லென்ஸை வைத்து இரண்டு தடவை படித்துப் பார்த்தான், அப்போதும் ஆறுதான். பிறகு ஹாலிஸ் மெதுவாக, "அந்தத் தாளையெல்லாம் நாங்க எங்கய்யா படிச்சோம்? கையில மூணு நாலு வண்டித் தாள் இருக்கும், எந்த சீட்டு பக்கத்துல வருதோ அதுல திணிப்போம். திணிச்சாத்தானே சாப்பிடப் போகலாம்" என்றான். ஆறு வருடமாக அதை வேதம் என்று தொப்பி கழற்றியவன் சொல்கிறான். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, படுபாவி?" என்று மெர்ல் கேட்டான். "யாரும் என்னைக் கேக்கலையே. தாளைத்தானே கேட்டீங்க" என்றான்.

ஆகவே விஷயம் இதுதான். வண்டி மஞ்சள். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, இதை எழுத்தில் கொடுக்கிறேன், வைத்துக்கொள். இப்போது பச்சையைச் சுரண்ட வேண்டும், அதற்குமுன் அந்த வருடத்து மஞ்சள்கள் மூன்றில் எது என்று முடிவு செய்ய வேண்டும், இன்று மதியம் சாப்பாட்டுக் கடையில் அதற்குத்தான் கூடுகிறோம். அதோடு ரப்பர் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிற ஹோஸ் கிளாம்புகள் ஆறும் பிற்காலத்து ஜாதி, பேட்டரி மூடியும் சரியில்லை. எஞ்சினை மே மாதம் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்து, தேயக் கூடாதே என்று அணைத்துவிட்டோம். பிரேக் மட்டும் மெர்ல் போட்டது, அதில் யாரும் வாய் திறக்க முடியாது. இந்த நிலையில் வண்டியை ரோட்டில் விடுவது நடக்கிற காரியமே இல்லை. எப்படிப் பார்த்தாலும் அடுத்த வருடக் கோடைக்கு முன்னால் முடியாது. செப்டம்பர் முப்பது முடியாது. நீ ஓட்ட முடியாமல் போகும். நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து வா என்று சொல்லலாம் என்று பார்த்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரே தங்கை, ஒரே ஒரு காரியம் கேட்டாய், பதினோரு வருடம் கொடுத்தாய். மன்னித்துவிடு என்று எழுதுகிறேன், நீ மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான்.

உன் கண்ணும் மனசும் குளிர்ச்சியாக இருக்கட்டும். டோரீன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்வாள் என்று நினைக்கிறேன், காலையிலிருந்து அவளைக் காணோம், காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறாள். மெர்ல், ஹாலிஸ், க்ளைட் மூவரும் மரியாதையைத் தெரிவிக்கிறார்கள், நேரில் தெரிவிக்கப் பயப்படுகிறார்கள்.

என்றும் உன் அண்ணன்,
வெர்ன்

பின்குறிப்பு, அதே நாள் சாயங்காலம்: மேலே எழுதியதில் என் முழங்காலைப் பற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாம். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தபால்தலை அப்புறம் வாங்கலாம் என்று சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். நாலு பேரும் ஜன்னலோர மேசையில் மூன்று மஞ்சள் அட்டைகளைப் பரப்பிவைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு சத்தம். பேச்சு நின்றது. "எட்டு சிலிண்டர். பெரிய எஞ்சின்" என்றான் மெர்ல். "கார்புரேட்டர் சுத்தமா இருக்கு. யாரோ தெரிஞ்சவன் குடைஞ்சிருக்கான்" என்றான் க்ளைட். "கியர் மாத்தறதைக் கேளுங்க, வெண்ணெய் வெட்டற மாதிரி. ஓட்டறவன் லேசுப்பட்ட ஆளில்ல" என்றேன் நான். வண்டி ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. பச்சை. ஹாலிஸ் எழுந்து கழுத்தை நீட்டிப் பார்த்து, "கதவுக்குக் கீழ பெயிண்டு வழிஞ்சிருக்கு பாத்தீங்களா? தொழிற்சாலைப் பெயிண்டுய்யா. தொடாம வச்சிருக்கான், புண்ணியவான்" என்றான். "யாரோட வண்டியா இருக்கும்?" என்றேன். காபி ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் நெட்டி, கெட்டிலை நிமிர்த்திக்கொண்டு, "உங்க வண்டிதான். உங்க தங்கச்சி ஓட்டிக்கிட்டுப் போறாங்க. பக்கத்துல உங்க வீட்டம்மா கையாட்டினாங்களே, நாலு பேர்ல ஒருத்தர்கூட ஆளைப் பாக்கலியா?" என்றாள்.

பாக்கலை, லோர்னா. கதவைப் பாத்தோம், சக்கரத்தைப் பாத்தோம், உன்னைப் பாக்கலை.

கராஜுக்கு ஓடினோம், நான் நொண்டினேன். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் தட்டு மட்டும் இருந்தது. டோரீன் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனது உன்னைக் கூட்டிவரத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. நாலு நாற்காலியையும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தோம். ஹோஸ் கிளாம்ப் தாங்குமா என்று ஹாலிஸ் கேட்டான், "எது போட்டாலும் தாங்கும்டா, அது கிளாம்ப்" என்றான் மெர்ல். பதினோரு வருடத்தில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நாலரை மணிக்கு நீ வந்து சேர்ந்ததை உனக்கே நான் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், காரணம் கடைசியில் சொல்கிறேன். ஏரிக்கரை வரைக்கும் போய் வந்திருந்தாய். கண்ணாடி முழுக்கப் பூச்சி, சக்கரமெல்லாம் சேறு, பின்சீட்டில் ஒரு மூட்டை ஆப்பிள், டோரீன் மடியில் ஆப்பிள் தோட்டத்து டோனட் பெட்டி. நீ இறங்கி, சாவியை உன் பைக்குள் போட்டுக்கொண்டு, "தேதி கேட்டேன்ல அண்ணே. இன்னைக்குத்தான்" என்றாய். பெயிண்டை மஞ்சளாக மாற்றித் தருகிறோம் என்று ஹாலிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வேண்டாம், விடுங்க. உள்ள உக்காந்து ஓட்டறவளுக்கு வெளிய என்ன கலர்னு தெரியவா போகுது? அது மஞ்சள்னு எனக்குத் தெரியும்" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்கால் வலி என்று சொன்னேன், நீ நம்பவில்லை.

பதினெட்டு நாள் இருக்கிறது, தினமும் காலை பத்து மணிக்கு நீ ஓட்டுவாய், பக்கத்து சீட்டில் நாலு பேரில் ஒருவர் முறை வைத்து வரலாம், வண்டி உதிரிபாகம் பற்றி வாய் திறந்தால் அந்த இடத்திலேயே இறக்கிவிடப்படுவார், இதுதானே நீ போட்ட சட்டம்? நாலு பேரும் ஒத்துக்கொண்டுவிட்டோம். கண்ணாடிப் பூச்சிகளை மெர்ல் துடைக்கப் போனான், "தொடாதே, அதெல்லாம் அசல்" என்று க்ளைட் கையைப் பிடித்துக்கொண்டான். நாளைக்கு என் முறை. பதினோரு வருடமாகத் தொட்டுக்கொண்டே இருந்த வண்டியில் நான் ஒரு அடி தூரம்கூடப் போனதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது, சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக்கு ஏரிக்கரையில் உனக்குப் படித்துக் காட்டிவிட்டு, மடித்து உன் சீட்டு ஸ்பிரிங்குக்குள் திணிக்கப்போகிறேன். ஐம்பது வருடம் கழித்து எங்களை மாதிரி நாலு பேர் அந்த சீட்டைப் பிரிப்பார்கள், அவர்கள் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள், தாளைத்தான் நம்புவார்கள். வண்டி மஞ்சள், லோர்னா சொன்னாள், லோர்னா ஓட்டினாள் என்று இதில் இருக்கிறது. சேஸிஸ் நம்பரை நாலு மூலையிலும் எழுதியிருக்கிறேன், எலி எந்த மூலையை எடுத்துக்கொண்டு போனாலும் பாதகமில்லை.